ஃபார்முலா ரிமோட் கார்: மோட்டாரைப் பார்க்குமுன் தரையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நெருங்கினாலே கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் ஃபார்முலா ஒன் வடிவ ரிமோட் கார்கள் வந்து வரிசை கட்டிவிடுகின்றன. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடந்த பிறகு இந்த ஆசை பிள்ளைகளோடு நிற்கவில்லை, பெரியவர்களும் விசாரிக்கிறார்கள். விசாரிப்பவர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் "எவ்வளவு ஸ்பீடு போகும்?" என்பதுதான். அந்தக் கேள்வியில் தொடங்கி வாங்கிய கார் சீக்கிரமே பரணில் ஏறிவிடும். எங்கே ஓட்டப் போகிறோம், அந்தத் தரைக்கு எந்த டயர், அந்த டயரைத் தாங்க எந்தச் சேசிஸ் (காரின் அடிச்சட்டம்) என்று பார்த்துவிட்டு, மோட்டாரைக் கடைசியில்தான் முடிவு செய்ய வேண்டும். கடைக்காரர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்வதால் இந்தக் கடிதம்.

முதலில் பொம்மையையும் உண்மையான ரேடியோ காரையும் பிரித்துப் பார்ப்போம். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அணியின் பெயரும் உரிம முத்திரையும் இதற்கு உதவாது. உரிமம் பெற்ற பொம்மைகளும் உண்டு. கடையிலேயே ரிமோட்டை வாங்கி ஸ்டீரிங்கை மெதுவாகக் கால்வாசி மட்டும் திருப்புங்கள். முன் சக்கரமும் கால்வாசி திரும்பினால் அது சரியான கார். ஒரே வெட்டாக முழுவதும் திரும்பி நின்றால் அது பொம்மை. வேகக் குமிழுக்கும் இதே சோதனைதான்: லேசாக அழுத்தினால் லேசாகச் சுழல வேண்டும். ஆறு வயதுக் குழந்தைக்குப் பொம்மையே போதும், அதில் தவறில்லை. ஆனால் பொம்மையின் கியர் உடைந்தால் மாற்றுக் கியர் கிடைக்காது. இனி நாங்கள் சொல்வதெல்லாம் பத்தில் ஒரு பங்கு அளவில் வரும், பிரித்துக் கோக்கக்கூடிய, மின்சாரத்தில் ஓடும் கார்களைப் பற்றி.

இந்தக் காரின் எடை சுமார் 1 கிலோ. பின்சக்கரம் மட்டுமே இழுக்கும். சக்கரங்கள் உடலுக்கு வெளியே நிற்கும், மூக்கில் ஓர் அகலமான இறக்கை தரையைத் தடவிக்கொண்டு போகும். சேசிஸின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே 4 முதல் 5 மி.மீ. இடைவெளிதான். நம் தெருவில் ஜல்லி பெயர்ந்த இடம், மேன்ஹோல் மூடி, வேகத்தடை எதையும் இது தாண்டாது. மொட்டை மாடியும் அப்படித்தான். தட்டோடு பதித்த தளத்தில் ஓட்டுக்கு ஓடு இடுக்கு இருக்கும், மழைநீர் வடிய வாட்டம் இருக்கும். கார் ஒவ்வோர் இடுக்கிலும் தத்தும், கைப்பிடிச் சுவரோ பக்கத்திலேயே.

தரையைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. இந்தக் கார்களின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஏறத்தாழ 27 செ.மீ. இருக்கும். 30 செ.மீ. இரும்பு ஸ்கேல் ஒன்றையும் 4 மி.மீ. ஆலன் கீ இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு ஆலன் கீகளையும் 27 செ.மீ. தள்ளித் தரையில் படுக்க வைத்து, அவற்றின் மேல் ஸ்கேலை வையுங்கள். ஸ்கேலின் நடுப்பகுதி எங்காவது தரையைத் தொட்டால் அந்த இடத்தில் கார் உரசும். பத்துப் பதினைந்து இடங்களில் பாருங்கள். நாலைந்து இடத்தில் தொட்டால் அந்தத் தரை இந்தக் காருக்கு ஆகாது. அடுக்குமாடிகளின் அடித்தள வாகன நிறுத்தம், கூடைப்பந்துச் சிமெண்டுத் தளம், ஸ்கேட்டிங் தளம், புதிதாகப் போட்ட தார்த்தளம் ஆகியவை பெரும்பாலும் தேறிவிடும்.

தேறவில்லை, காலனித் தெருதான் கதி என்றால் எங்கள் யோசனை வெளிப்படையானது: திறந்த சக்கரக் காரே வேண்டாம். ஜப்பானிய நிறுவனமான டாமியாவின் டிடி-02 போன்ற மூடிய உடல் கொண்ட நான்கு சக்கர இழுவைக் காரை வாங்குங்கள். தரை இடைவெளியைக் கூட்டிக்கொள்ளலாம், பம்பரும் உண்டு, இடித்தாலும் பிழைக்கும். ஃபார்முலா வடிவம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் அதே நிறுவனத்தின் டிசி-01 வகையைப் பார்க்கலாம். மின்சாரப் பந்தயமான ஃபார்முலா இ காரின் உடல், தண்டு வழியாக நான்கு சக்கர இழுவை, நான்கு மூலையிலும் தனித்தனி சஸ்பென்ஷன். பின்சக்கரக் கார் சுழன்று நிற்கும் இடத்தில் இது நிதானமாகத் திரும்பும். பாகங்கள் அதிகம், கோக்க நேரமும் அதிகம். வீட்டு ஹாலில் மட்டும் ஓட்ட விரும்புபவர்களுக்குக் கியோஷோவின் மினி-இசட் வரிசையில் வந்த ஃபார்முலா கார்கள் பொருந்தும். உள்ளங்கை அளவு, நான்கு டிரிபிள்-ஏ பேட்டரி, டைல்ஸ் தரையே போதும்.

டயருக்கு வருவோம். இந்தக் காரில் பணம் செலவழிக்கத் தகுந்த முதல் இடம் இதுதான். ரப்பர், ஃபோம் என்று இரண்டு சாதி. ஃபோம் டயர் பஞ்சு போல லேசானது, வழவழப்பான தரைவிரிப்பில் நன்றாகப் பிடிக்கும். சொரசொரப்பான தாரில் துண்டு துண்டாகப் பிய்ந்துவிடும். தேயத் தேய அதன் விட்டம் குறையும், இரண்டு பக்கமும் ஒரே அளவில் தேயாது, சமப்படுத்தக் கடைசல் இயந்திரம் வேண்டும். ஊரில் அந்த வசதி இல்லாதவர்கள் ஃபோமை விட்டுவிடுங்கள். டாமியாவின் பழைய எஃப்103 வரிசை ஃபோம் டயரோடு வளர்ந்தது, பின்னால் வந்த எஃப்104 ரப்பருக்கு மாறியது. இன்று தாருக்கும் சிமெண்டுக்கும் ரப்பரே தேர்வு.

ரப்பரிலும் மென்மை, நடுத்தரம், கடினம் என்று வகை உண்டு. பின்னால் மென்மை, முன்னால் அதைவிட ஒரு படி கடினம் என்று தொடங்குங்கள். எதிர்மாறாகப் போட்டால் மூக்கு தரையைக் கவ்வும், வால் வழுக்கும், ஒவ்வொரு வளைவிலும் கார் பம்பரமாகச் சுழலும். "இந்த வண்டி ஓட்டவே வராது" என்று கைவிடப்படும் கார்களில் நிறைய இந்தக் குறையோடுதான் கிடக்கின்றன. விரிப்பில் ஓட்டுபவர்களுக்கு வேறொரு தொல்லை: முன் டயர் அளவுக்கு மீறிப் பிடித்துக் கார் குட்டிக்கரணம் போடும். அதற்கு முன் டயரின் வெளி விளிம்பில் சயனோ பசையை (சூப்பர் குளூ) மெல்லியதாகப் பூசிக் காயவிட்டால் அந்த ஓரம் கெட்டியாகிப் பிடி குறையும். டயரைச் சக்கரத்தில் ஒட்டவும் அதே பசைதான். ஒட்டுமுன் சக்கர விளிம்பையும் டயரின் உள் விளிம்பையும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். அச்சில் வார்த்தபோது ஒட்டிய மெழுகுப் படலம் போகாவிட்டால், நேராக ஓடும்போது ஒன்றும் தெரியாது, முதல் வேகமான வளைவில் டயர் கழன்று வரும்.

நம் ஊரில் டயரின் பெரிய எதிரி தூசி. அடித்தளத் தரையில் சிமெண்டுத் தூள் மெல்லிய மாவாகப் படிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஓட்டுமுன் தரையைக் கூட்டுங்கள், ஒவ்வோர் ஓட்டத்துக்கு முன்னும் டயரை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். முதல் இரண்டு மூன்று சுற்று மெதுவாகப் போய் டயரைச் சூடேற்றுங்கள். இதைச் செய்யாமல் புது டயர் வாங்குவது வீண் செலவு.

இப்போது சேசிஸ். பின்சக்கரம், மோட்டார், டிஃபரென்ஷியல் (வளைவில் இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் அமைப்பு) மூன்றும் ஒரு சிறு கூண்டில் இருக்கும். அந்தக் கூண்டை முன்தட்டோடு எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்பதில்தான் வகைகள் பிரிகின்றன. டி-பார் வகையில் டி வடிவத் தகடு ஒன்று இரண்டையும் இணைக்கும். அந்தத் தகடு வளைந்தும் முறுக்கியும் கொடுப்பதே சஸ்பென்ஷன். எஃப்104 இந்த வகை. பாகங்கள் குறைவு, மேடு பள்ளத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், கெடும் இடமும் ஒன்றுதான்: திருகு இறங்கும் துளையைச் சுற்றி டி-பாரில் மயிரிழை விரிசல் விழும். பத்து ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் கார்பன் தகட்டை விட்டு, வளைந்து கொடுக்கும் கண்ணாடி இழைத் தகட்டையே வைத்துக்கொள்ளலாம்.

லிங்க் வகையில் இரண்டு பக்கக் கம்பிகளும் நடுவில் ஒரு குண்டு மூட்டும் கூண்டைப் பிடித்திருக்கும். பக்கவாட்டுச் சாய்வைப் பக்க ஸ்பிரிங்குகளும், முன் பின் ஆட்டத்தை நடு ஷாக்கும் (அதிர்வுத் தாங்கி) தனித்தனியே கவனிக்கும். ஸ்லோவாக்கியாவின் எக்ஸ்ரே எக்ஸ்1, டாமியாவின் டிஆர்எஃப் பந்தயக் கார்கள் எல்லாம் இந்தப் பக்கம். ஒன்றை மாற்றினால் மற்றொன்று கெடாது என்பது இதன் பலம். ஆனால் சரிசெய்யத் தெரியாதவர் கையில் அந்தப் பலமே பாரம். இரண்டு பக்க ஸ்பிரிங்கும் ஒரே அளவு அழுத்தத்தில் இல்லாவிட்டால் கார் இடப்பக்கம் நன்றாகத் திரும்பி வலப்பக்கம் சுழலும். அருகில் சரிசெய்து கொடுக்கும் ஆள் இருந்தால் லிங்க், இல்லையென்றால் டி-பார் என்பது எங்கள் தீர்ப்பு.

அகலத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. நிஜ ஃபார்முலா ஒன் கார்களின் அகலம் 1993 முதல் 1997 வரை 2,000 மி.மீ., 1998 முதல் 2016 வரை 1,800, 2017 முதல் மறுபடி 2,000, 2026இல் 1,900. மாடல் கார்களும் அதைப் பின்பற்றி 200 மி.மீ., 180 மி.மீ. என இரண்டு அகலத்தில் வந்தன. எஃப்104 180 மி.மீ. வகை, அதன் எஃப்104டபிள்யூ 200 மி.மீ. வகை. உடல், முன் இறக்கை, பின் இறக்கை ஆகியவற்றைத் தனியாக வாங்கும்போது எந்த அகலத்துக்கு என்று பார்க்காவிட்டால், இறக்கை டயரை உரசும், அல்லது டயர் இறக்கைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நீளத்தில் இந்த விசுவாசம் கிடையாது. 2022 முதல் 2025 வரை நிஜக் காரின் அச்சிடைத் தூரம் விதிப்படி 3,600 மி.மீ. வரை போகலாம் என்றிருந்தது, பத்தில் ஒன்றென்றால் 36 செ.மீ. ஆனால் மாடல் 27 செ.மீ. அளவிலேயே நிற்கிறது. ஆகவே இன்றைய காரின் உடல் மாடலில் கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தால் அது போலி என்று நினைக்க வேண்டாம்.

மோட்டார் விஷயத்தில் ஆசையை அடக்க வேண்டும். கிட்டோடு வரும் சாதாரண 540 அளவுப் பிரஷ் (கார்பன் துண்டு உரசி மின்சாரம் தரும்) மோட்டாரே முதல் சில மாதங்களுக்குப் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் சென்சார் (சுழலியின் நிலையை உணரும் கருவி) உள்ள, பிரஷ் இல்லாத 21.5டி பிரஷ்லெஸ் மோட்டார். இந்தப் பந்தயப் பிரிவில் பரவலாகப் பயன்படுவதும் அதுதான். டி-க்கு முன்னுள்ள எண் மோட்டாருக்குள் கம்பி எத்தனை சுற்றுச் சுற்றப்பட்டிருக்கிறது என்பதைக் குறிக்கிறது, எண் குறையக் குறைய வேகம் கூடும். 13.5டி, 10.5டி என்று இறங்கினால் இரண்டு பின் டயர்களும் அந்தச் சக்தியைத் தரைக்குக் கொடுக்க முடியாமல் புகையும். சென்சார் இல்லாத மோட்டார் விலை மலிவு, ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது திக்கும். மெதுவான வளைவிலிருந்து வெளியேறும் இடத்தில்தான் அந்தத் திக்கல் காட்டிக்கொடுக்கும். சென்சார் மோட்டாரில் ஏ, பி, சி என்ற மூன்று கம்பிகளும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் அதே எழுத்துள்ள இடத்தில்தான் சேர வேண்டும். சென்சார் ஒயர் உள்ளுக்குள் அறுந்தாலும் இதே திக்கல் வரும், எனவே மோட்டாரைக் குறை சொல்லுமுன் அந்த ஒயரை மாற்றிப் பாருங்கள்.

பல்சக்கரக் கணக்கு ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும். இந்தக் காரில் மோட்டாரிலுள்ள சிறு பல்சக்கரமான பினியன் நேராக அச்சிலுள்ள பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியரைச் சுழற்றும், நடுவில் வேறு கியர் இல்லை. பின் டயர் விட்டத்தை 3.14ஆல் பெருக்கி, பினியன் பற்களால் பெருக்கி, ஸ்பர் பற்களால் வகுத்தால், மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றும்போது கார் போகும் தூரம் கிடைக்கும். 62 மி.மீ. டயர், 27 பல் பினியன், 84 பல் ஸ்பர் என்றால் சுமார் 62.6 மி.மீ. வோல்ட்டுக்கு 1,800 சுற்று தரும் மோட்டாரை 7.4 வோல்ட்டில் ஓட்டினால், தாளில் மணிக்கு 50 கி.மீ. வரும். தரையில் அதற்குக் குறைவுதான். டயர் 58 மி.மீ. ஆகத் தேய்ந்தால் அதே பற்களில் தூரம் 58.5 மி.மீ. ஆகிவிடும். பழைய வேகம் வேண்டுமென்றால் பினியனை 29 பல்லாக்க வேண்டும்.

பல்லின் பிட்ச் ஒத்துப்போக வேண்டும் என்பதைக் கடைகளில் பலமுறை மறக்கிறார்கள். பிட்ச், மாட்யூல் இரண்டும் பல்லின் அளவைச் சொல்லும் இரு முறைகள், 64 பிட்ச் என்பது 0.397 மாட்யூல். எனவே 0.4 மாட்யூல் பல்லோடு ஏறக்குறைய இணங்கி ஓடும். 48 பிட்ச் என்பது 0.529 மாட்யூல், அதை 0.6 மாட்யூல் ஸ்பரோடு சேர்த்தால் சில நிமிடங்களில் ஸ்பர் வழுக்கையாகிவிடும். பினியனைப் பொருத்தும்போது மெல்லிய காகிதத் துண்டை இரண்டுக்கும் நடுவில் விட்டு இறுக்கி, பிறகு உருவி எடுங்கள். ஸ்பரை விரலால் ஆட்டினால் மிக லேசான 'டக்' இருக்க வேண்டும். கொஞ்சமும் ஆடாவிட்டால் இறுக்கம், மோட்டார் சூடாகும்.

சூடு நமக்கு முக்கியம். வெளிநாட்டு இணையதளங்களில் சொல்லும் பல் எண்ணிக்கை 20 டிகிரிக் குளிரில் ஓட்டியவர்களுடையது. சித்திரை வெயிலில் காற்றே 40 டிகிரி இருக்கும்போது மோட்டாரின் சூடு அதற்கு மேல் ஏறும். பினியனை இரண்டு மூன்று பல் குறைத்துத் தொடங்குங்கள். நான்கு நிமிடம் ஓட்டி, அகச்சிவப்பு வெப்பமானியால் மோட்டாரின் உடம்பை அளங்கள். 70 டிகிரிக்குக் கீழே இருந்தால் ஒரு பல் கூட்டலாம். 80ஐத் தாண்டினால் உள்ளே காந்தம் பலவீனமாகலாம், அப்படி ஆனால் ஆறிய பிறகும் பழைய பலம் திரும்பாது.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை வாங்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். அது பிரஷ் மோட்டாருக்கா, பிரஷ்லெஸ்ஸுக்கா, இரண்டுக்குமா? எத்தனை டி வரை தாங்கும்? லைபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் மின்னழுத்தம் குறைந்ததும் தானே நிறுத்தும் துண்டிப்பு உண்டா? மூன்றாவதைக் கேட்காமல் வாங்குபவர்கள்தான் அதிகம். துண்டிப்பு இல்லாத கருவியில் லைபோவை ஓட்டினால், கார் மெதுவாகும் வரை ஓட்டிவிட்டு, பேட்டரியைக் கொன்றுவிட்டு வீடு திரும்புவோம். சில கருவிகளில் சிறு ஜம்பரை நகர்த்தி லைபோ, நிக்கல் என்று மாற்ற வேண்டும். அது தொழிற்சாலையிலிருந்து எந்த நிலையில் வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு முதல் ஓட்டம் போங்கள்.

பேட்டரியில் 2எஸ் (இரண்டு செல்) லைபோ, அதாவது 7.4 வோல்ட், வெளியே கெட்டியான உறையுடன். எஃப்104 போன்றவற்றில் நீளக் கட்டை பொருந்தும், புதிய பந்தயச் சேசிஸ்களில் ஷார்ட்டி எனப்படும் குட்டைக் கட்டை. 13.8 செ.மீ. நீளமுள்ளதை வாங்கிவந்து 9.6 செ.மீ. குழியில் திணிக்க முடியாது, எனவே சேசிஸை முடிவு செய்யாமல் பேட்டரி வாங்காதீர்கள். 4,000 எம்ஏஎச் பேட்டரி 21.5டி மோட்டாருக்குக் கால் மணி நேரம் தாராளமாக ஓடும். உறையில் மின்சாரம் தரும் திறனை 100சி, 120சி என்று அச்சிட்டிருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சார்ஜ் 4 ஆம்பியரில், இரண்டு செல்லும் சமமாக ஏறும் பேலன்ஸ் முறையில், முழு அளவு 8.4 வோல்ட். ஒரு செல் 3.2 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. ஒரு வாரம் ஓட்டப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள். உப்பிய பேட்டரியை "இன்னும் ஒரு தடவை" என்று சார்ஜில் போடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது மணல் போட்ட மண்சட்டியில் வைத்து, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் பேட்டரிப் பையை விட்டுவிட்டுப் போவதும் ஆபத்து.

ரிமோட்டுக்கு 2.4 கிகா ஹெர்ட்ஸ் சக்கர வகை. விலை உயர்ந்தது தேவையில்லை. ஸ்டீரிங்கின் கடைசி எல்லையைக் குறைக்கும் வசதியும், சிக்னல் அறுந்தால் கார் தானே நிற்கும் வசதியும் இருந்தால் போதும். இரண்டாவதைச் சோதிக்க, பின்சக்கரத்தைத் தூக்கி வைத்து லேசாகச் சுழலவிட்டு ரிமோட்டை அணையுங்கள், சக்கரம் நிற்க வேண்டும். இந்தச் சோதனையை முடிக்காமல் மனிதர்கள் நடமாடும் இடத்தில் ஓட்டக் கூடாது. வழக்கமாக ரிமோட்டை முதலில் போட்டு, கடைசியில் அணைக்க வேண்டும்.

கார் சுழல்கிறது என்று சொல்பவர்கள், டயரும் தூசியும் சரி என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது டிஃப், அதாவது டிஃபரென்ஷியல். சிறு எஃகுக் குண்டுகள் இரண்டு வளையத் தட்டுகளுக்கு நடுவில் உருளும் பால் டிஃப்தான் பெரும்பாலான கார்களில் இருக்கும். இரண்டு பின் டயர்களையும் ஒரே கையால் அசையாமல் பிடித்து, ஸ்பர் கியரைக் கட்டைவிரலால் தள்ளுங்கள். நல்ல அழுத்தத்துக்கு அது நகரக் கூடாது. பிறகு ஒரு டயரைத் திருப்பினால் மற்றது எதிர்த்திசையில் வழுவழுப்பாகச் சுழல வேண்டும். நறநறப்பு இருந்தால் தட்டில் கோடு விழுந்திருக்கும், தட்டைத் திருப்பிப் போட்டால் மறுபக்கம் கொஞ்ச நாள் உழைக்கும். தளர்வாக விட்டு ஓட்டினால் குண்டுகள் சறுக்கி ஒரே ஓட்டத்தில் தட்டு போய்விடும். குண்டுக்குச் சிலிக்கான் டிஃப் கிரீஸ் மட்டும். சைக்கிள் கிரீஸ் தடவினால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும்.

அடுத்தது முறுக்கல், அதாவது சேசிஸ் ஒரு பக்கமாகத் திருகி நிற்பது. காரைக் கண்ணாடிப் பலகை மேல் வைத்து, கத்தி முனையை மூக்கின் சரிநடுவில் கொடுத்து மெதுவாகத் தூக்குங்கள். இரண்டு முன் சக்கரமும் ஒரே சமயத்தில் எழ வேண்டும். ஒன்று முந்தினால் பக்க ஸ்பிரிங்கையோ, டி-பாரின் திருகையோ சரிசெய்ய வேண்டும். இடித்த பிறகெல்லாம் இதைப் பார்ப்பது நல்லது.

கோக்கும்போது கெடுவது இரண்டு மூன்று இடம்தான். ஜப்பான் கிட்டுகளின் நட்சத்திரத் தலைத் திருகுகள் ஜேஐஎஸ் எனப்படும் ஜப்பானியத் தர அளவு. சாதாரண டிரைவரில் தலை மழுங்கிவிடும். திருகுப் பசையை உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் மட்டும் இடுங்கள், பிளாஸ்டிக்கில் பட்டால் அது நொறுங்கும். உடல் பாலிகார்பனேட், அதற்குரிய பெயிண்டை உட்புறமாக அடிக்க வேண்டும். டாமியாவில் பிஎஸ் வரிசை இதற்கு. டிஎஸ் வரிசை வேறு பிளாஸ்டிக்குக்கானது, முதல் இடியிலேயே செதிள் செதிளாக உதிரும்.

கிட் பெட்டியில் ரிமோட், சர்வோ (ஸ்டீரிங்கைத் திருப்பும் சிறு மோட்டார்), பேட்டரி, சார்ஜர், பெயிண்ட் எதுவும் பெரும்பாலும் இருக்காது. பெட்டியின் விலையை மொத்தச் செலவில் பாதி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். அதோடு முன் இறக்கை இரண்டு, முன் ஆர்ம் (முன் சக்கரத்தைத் தாங்கும் கை) ஒரு செட், கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் ஊசி அச்சு) ஒரு ஜோடி, டி-பார் ஒன்று, ஸ்பர் ஒன்று. உடைவது இவைதான், முதலில் போவது முன் இறக்கை. இந்த ஐந்தும் இந்தியக் கடைகளில் கையிருப்பு உண்டா என்று தேடிப் பார்த்த பிறகே சேசிஸுக்குப் பணம் கட்டுங்கள். மூன்று கிடைக்காவிட்டால் அந்தக் கார் எவ்வளவு அழகானாலும் விட்டுவிடலாம். உற்பத்தி நின்றுபோன பழைய மாடலை மலிவாகத் தருகிறார்கள் என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து உறவினர் கொண்டுவருவதானால், பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், விமான நிலையத்தில் பதிவுசெய்து அனுப்பும் பெட்டியில் உதிரி லித்தியம் பேட்டரிக்கு அனுமதி இல்லை. 4,000 எம்ஏஎச் 2எஸ் பேட்டரி சுமார் 30 வாட்-மணி, விமான எல்லையான 100க்கு உட்பட்டது.

தங்கள் நாளிதழ் வழியாக ஊராட்சி, மாநகராட்சி அலுவலர்களிடம் ஒரு கோரிக்கையும் வைக்கிறோம். பிள்ளைகள் ஸ்கேட்டிங் பழகும் சமதளத் திடல்கள் மதிய வேளைகளில் சும்மா கிடக்கின்றன. வாரத்தில் ஒரு நாள், ஸ்கேட்டிங் இல்லாத இரண்டு மணி நேரம் இவற்றைத் திறந்துவிட்டால் போதும். மின்சாரக் கார்கள் மட்டும், ரப்பர் டயர் மட்டும். பிடிப்புக்காக டயரில் பூசும், தரையில் கறை படியவைக்கும் திரவத்துக்குத் தடை. பாதை எல்லைக்குத் தரையில் ஆணி அடிக்காமல் பழைய தோட்டக் குழாய்களை விரித்து மணல் மூட்டையால் அழுத்தினால் போதும், பார்வையாளர்கள் கம்பி வேலிக்கு வெளியே. பேட்டரி சார்ஜ் திடலுக்கு வெளியே, ஆள் பார்வையில். முடிந்ததும் குழாய்களைச் சுருட்டி, தரையைக் கூட்டி ஒப்படைக்கும் பொறுப்பை ஓட்டுபவர்களே எழுதிக் கொடுத்து ஏற்கலாம்.

இப்படிக்கு,
ரேடியோ கார் ஓட்டுநர்கள் சிலர்,
சென்னை